பேண்டில் வாசிக்க 8, 10, 12 இன்ச்: எந்த ஸ்பீக்கர் எடுபட்டது? நடந்ததைச் சொல்லுங்கள்

கிடார் ஆம்ப் (கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்கிறார்கள், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை இன்ச் என்று கேட்பவர்கள் குறைவு. தனியாக வாசிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. பேண்டோடு வாசித்தவர்கள் எழுதினால் புதியவர்களுக்குப் பயன்படும்.

நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன். எங்கள் பேண்டில் சேர வந்த ஒரு தம்பி 8 இன்ச் ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப் கொண்டுவந்தார். தனியாக வாசித்துக் காட்டியபோது அருமையான டோன். டிரம்ஸ் ஆரம்பித்ததும் கிடார் இருக்கும் இடமே தெரியவில்லை, வால்யூமைக் கூட்டக் கூட்ட சத்தம் ஏறாமல் இரைச்சல்தான் ஏறியது. 12 இன்ச் கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) பரப்பில் பாதிகூட 8 இன்ச்சுக்குக் கிடையாது, அவ்வளவு சின்ன கோன் எவ்வளவு காற்றைத் தள்ள முடியும்? அதே ஜாம் ரூமில் இருந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்பில் அவரைச் செருகச் சொன்னோம். இரண்டு 12 இன்ச். வால்யூம் பாதிகூட வைக்கவில்லை, ஒவ்வொரு நோட்டும் கேட்டது. ஆனால் அது 28 கிலோ, ரூமிலேயே இருந்தால் சரி, மாடி ஏற்றி இறக்குவதாக இருந்தால் யோசியுங்கள்.

*

நான் பத்து இன்ச் கட்சி. இரண்டு கிடார், கீபோர்டு, பேஸ் எல்லாம் இருக்கிற பேண்டில் 12 இன்ச்சின் கீழ்ச் சத்தம் போய் பேஸ்காரரோடு மோதுகிறது. வீட்டில் கேட்க அந்தக் கனம் சுகமாக இருக்கும், மேடையில் எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று ஆகிவிடும். ஒற்றை 10 இன்ச் ஆம்ப்பை மைக் வைத்து வாசிக்க ஆரம்பித்த பிறகு, கிடார் தனியாகக் கேட்கிறது என்று எங்கள் பேஸ்காரரே சொன்னார். மைக் இல்லாத இடத்தில் ஒற்றை 10 போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், பத்து என்றாலே சின்ன சத்தம் என்று நினைக்க வேண்டாம். ஃபெண்டர் 1959இல் விற்ற பேஸ்மேன் ஆம்ப்பில் நான்கு 10 இன்ச், பேஸுக்காகச் செய்ததைக் கிடார்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்கு 10இன் மொத்தப் பரப்பு இரண்டு 12ஐவிட அதிகம்.

*

டிரம்ஸ் வாசிக்கிறவன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். கிடார்காரர் ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு அதற்கு முன்னால் நிற்கிறார், சத்தம் போவது முழங்காலுக்கு. தனக்கு மந்தமாகக் கேட்கிறது என்று ட்ரெபிளை (கூர்மையான மேல் சத்தம்) ஏற்றுகிறார், முன்வரிசையில் உட்கார்ந்தவருக்குக் காதைக் குத்துகிறது. 12 இன்ச் கோனில் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலி பக்கவாட்டில் பரவாமல் நேராகக் குவிந்து போகும், 10 இன்ச்சில் அது இன்னும் கொஞ்சம் மேலே தொடங்கும். ஆம்ப்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள், இல்லையென்றால் சாய்த்து வையுங்கள். சைஸை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்த்த பேண்ட்களில் பாதிச் சண்டை தீர்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் திறந்த கேபினட் என்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் கிடார் கேட்கும். பின்பக்கம் மூடிய 4x12 (நான்கு 12 இன்ச் கேபினட்) வந்தால் எங்களுக்கு மானிட்டரில், அதாவது எங்களை நோக்கி வைத்த ஸ்பீக்கரில், கொடுக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

*

மேலே எழுதியவர்கள் விட்டது சென்சிடிவிட்டி, அதாவது அதே வாட்ஸுக்கு ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு. என் ஒற்றை 12 ஆம்ப்பில் செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் இருந்தது, அது 98 டெசிபல். அதை எடுத்துவிட்டு அதே கம்பெனியின் 100 டெசிபல் விண்டேஜ் 30 ஸ்பீக்கரைப் போட்டேன். சைஸும் அதேதான், ஆம்ப்பின் வாட்ஸும் அதேதான், ஆனால் பேண்டில் கிடார் ஒரு படி முன்னால் வந்து நின்றது. 3 டெசிபல் கூடுவது ஆம்ப்பின் வாட்ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம், அதனால் 2 டெசிபலை அலட்சியமாக எண்ண வேண்டாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிஏ ஸ்பீக்கரை (மேடையில் பாட்டுக்கும் பேச்சுக்கும் வைப்பது) வாங்கிக் கிடார் ஆம்ப்பில் போடுகிறவர்களுக்கு: கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக இறங்கிவிடும், டிஸ்டார்ஷன் இனிமையாகக் கேட்பதே அதனால்தான். பிஏ ஸ்பீக்கர் அதற்கு மேலேயும் விடும், ஈ ரீங்கரிப்பது போல இருக்கும்.

ஸ்பீக்கரை மாற்றும்போது ஓம்ஸைப் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பாருங்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலாக இணைத்தால் 4 ஓம். வால்வ் ஆம்ப்பின் பின்னால் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குப் பொருந்தாமல் செருகாதீர்கள். ஸ்பீக்கரே இணைக்காமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதைச் சரிசெய்யும் செலவில் ஒரு நல்ல ஸ்பீக்கரே வாங்கலாம்.

*

ஒற்றை 15 இன்ச்சை பேண்டில் வாசித்தவர் யாராவது இருக்கிறீர்களா? ஃபெண்டர் 1960களில் வைப்ரோவெர்ப் ஆம்ப்பில் போட்டார்கள். ஒரே கிடார் மட்டும் இருக்கிற மூன்று பேர் பேண்டுக்கு அந்தக் கனம் உதவும் என்று தோன்றுகிறது, எங்களுடையது அப்படிப்பட்ட பேண்ட்தான். வாசித்தவர்கள் எழுதுங்கள்.