ரம்பொட ஏற்றமும் என் ஸ்டார்லெட்டின் சூடும்

கம்பளையிலிருந்து:

சென்ற ஏப்ரலில், நுவரெலியா வசந்த காலக் கூட்டம் உச்சத்தில் இருந்த நாளில், ரம்பொட ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டிய சில வளைவுகளில் என் வண்டி கொதித்து நின்றது. பின் இருக்கையில் அம்மாவும் தங்கையின் கைக்குழந்தையும் இருந்தார்கள். பொனட்டின் ஓரமெல்லாம் ஆவி வருவதைப் பார்த்த அம்மா, "நெருப்பா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தேயிலைச் செடிகளின் ஓரத்தில், மழைத் தூறலில், முந்தானையால் குழந்தையின் தலையை மூடியபடி முக்கால் மணி நேரம் நின்றார். அதை என்னால் மறக்க முடியவில்லை. இதே தவறை இன்னொருவர் செய்யக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா. 1,331 சிசி எஞ்சின், புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவுடன். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 135 குதிரைத்திறன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது புதிய வண்டி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, கையிலிருந்ததைப் பலப்படுத்தத் தொடங்கினேன். டர்போ அழுத்தத்தை 0.9 பார் வரை உயர்த்தினேன். டர்போ அழுத்திச் சூடாக்கும் காற்றைக் குளிர்விக்க எஞ்சினுக்கு மேலே இருந்த சிறிய இன்டர்கூலரை எடுத்துவிட்டு, முன் பம்பருக்குப் பின்னால் பெரியதொன்றைப் பொருத்தினேன். புகைக்குழாயையும் மாற்றினேன். கண்டியில் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. கொழும்புக்குப் போய் வந்தேன், கடுகண்ணாவை ஏறினேன், முள் நடுவை விட்டு அசையவே இல்லை.

அந்த முள்ளை நம்பியதுதான் முதல் தவறு. டாஷ்போர்டில் உள்ள முள் ஒரு நீண்ட வெப்ப எல்லை முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது மேலே ஏறும்போது காரியம் கைமீறிவிட்டிருக்கும். இலக்கத்தில் வெப்பநிலை காட்டும் தனி மீட்டர் ஒன்றைப் பொருத்திய பிறகுதான் உண்மை தெரிந்தது. கம்பளையில் 88 பாகை, புசல்லாவையில் 95, ரம்பொட வளைவுகளில் 104, அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனது.

கம்பளையிலிருந்து நுவரெலியா அறுபது கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏறுகிறோம். வேன்களுக்குப் பின்னால் இரண்டாம் கியரில், மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டரில் ஊர்கிறோம். எஞ்சின் முழு உழைப்பில் இருக்கிறது, ஆனால் முகப்பில் மோதும் காற்று இல்லை. நெடுஞ்சாலையில் நூறில் ஓடும் வண்டிக்கு காற்று தானாக வரும். நம் மலைப் பாதையில் விசிறிதான் எல்லாம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வண்டி மாற்றும் நாம் இதை நினைப்பதே இல்லை.

கொதித்த மறுவாரமே கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் 52 மில்லிமீட்டர் தடிமனான அலுமினிய ரேடியேட்டர் வாங்கி வந்தேன். பெரிய ரேடியேட்டர் என்றால் அதிகக் குளிர்ச்சி என்று நினைத்தேன். இந்த எஞ்சினில் டர்போ முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் தடித்ததும் விசிறிக்கும் காற்றை அதற்கு வழிநடத்தும் கூட்டுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மெல்லிய விசிறி ஒன்றை பிளாஸ்டிக் நாடாவால் நேரடியாக ரேடியேட்டரில் கட்டினோம். மீண்டும் ரம்பொட. மீண்டும் 104.

அப்போதுதான் கம்பளையில் பழைய லொறிகளுக்கு ரேடியேட்டர் திருத்தும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "மேல் குழாயின் சூடு என்ன, கீழ்க் குழாயின் சூடு என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு ஏறினேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் மேல் ஹோஸில் 104, திரும்பிப் போகும் கீழ் ஹோஸில் 99. ஐந்து பாகைதான் வித்தியாசம். கேட்டதும் அவர் சொன்னார்: "சூடு ரேடியேட்டர் வரைக்கும் வருகிறது தம்பி, அங்கிருந்து வெளியே போக வழியில்லை. தண்ணீரில் குற்றமில்லை, காற்றில்தான் குற்றம்." வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்து, எஞ்சினும் கொதித்தால், தண்ணீர் ஓட்டம் குறைவு என்று பொருளாம்: பம்ப், சூட்டுக்கேற்பத் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட், அல்லது அடைப்பு. எங்கே பணத்தைப் போடுவது என்பதை இந்த ஓர் அளவு சொல்லிவிடுகிறது. நான் அதை அளக்காமலே செலவழித்திருந்தேன்.

பம்பரைக் கழற்றி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் பெரிய இன்டர்கூலர், அதன் பின் ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சர், அதன் பின் ரேடியேட்டர். மூன்று அடுக்கு. சுற்றிலும் கை நுழையும் இடைவெளி. காற்றுக்கு இலகுவான வழி அந்த இடைவெளிதான். மூன்று அடுக்குத் துளைகளுக்குள் அது ஏன் நுழையப் போகிறது? போதாததற்கு இலக்கத்தகடு பம்பர் வாயின் நடுவை மறைத்துக்கொண்டிருந்தது.

பெரிய இன்டர்கூலரை விற்றுவிட்டு, ரேடியேட்டரில் பாதியை மட்டும் மறைக்கும் சிறியதைப் போட்டேன். தெரிந்தவர்கள் பலர் இதை ஏற்கவில்லை, முகப்பு அழகு போய்விட்டது என்றார்கள். 0.9 பாருக்கு அந்த அளவு தாராளமாகப் போதும் என்பதே என் கருத்து. தடித்த ரேடியேட்டரை மாற்றி, 36 மில்லிமீட்டரில் ஒன்று. அதன் பின்புறம் முழுவதையும் மூடும் அலுமினியக் கூட்டை டிங்கர் வேலை செய்யும் நண்பர் வளைத்துத் தந்தார். அந்தக் கூட்டில் இரண்டு விசிறிகள். விசிறியின் வட்டத்துக்குள் மட்டுமல்லாமல் ரேடியேட்டரின் நான்கு மூலைகளிலிருந்தும் காற்றை இழுப்பது அந்தக் கூடுதான். பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை பக்கச் சுவர்களுக்குத் தகடும், மேலும் கீழும் இடைவெளி தெரியாதபடி ஸ்பாஞ்சுப் பட்டியும் வைத்தோம். இலக்கத்தகட்டைக் கீழே இறக்கினோம். தகட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் ஆன செலவு, முதலில் வாங்கிய ரேடியேட்டரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தண்ணீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவமான கூலன்டை நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்துங்கள். உள்ளே சிக்கிய காற்று ரேடியேட்டரின் வாய்க்கு ஏறி வந்துவிடும். ஹீட்டரையும் முழுதாகத் திறந்து வையுங்கள். ஏற்றத்துக்கா நமக்குப் பஞ்சம்!

இப்போது அதே வளைவுகளில், அதே வேன்களுக்குப் பின்னால், மேல் குழாய் 93, கீழ்க் குழாய் 83.

மஸ்கெலியாவிலிருந்து:

அண்ணா, நீங்கள் பெரியவரிடம் கேட்ட பாடத்தை நான் கையில் வாங்கினேன். சுசுகி ஆல்டோ வேர்க்ஸ், 660 சிசி. டர்போ அழுத்தத்தை நானே கூட்டிவிட்டு, கினிகத்தேனை வளைவுகளில் சோதித்துப் பார்த்தேன். முள் மேலே போனதும் நிறுத்தி, அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். முழங்கை வரை வெந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் சாரதி ஓடி வந்து, தன் தண்ணீர்ப் போத்தல் முழுவதையும் என் கையில் ஊற்றி, தன் துவாயால் மூடி, பயணிகளைக் காக்க வைத்து, என்னை வைத்தியசாலை வாசலில் இறக்கிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

மூடிக்குள் இருப்பது வெறும் சூடான தண்ணீர் அல்ல, அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர். திறந்த கணத்தில் ஒரு பகுதி ஆவியாகி, கொதிநீரையும் தள்ளிக்கொண்டு பாயும். அரை மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள், கல்லைப் போல் இருந்தால் மூடியைத் தொடாதீர்கள்.

என் வண்டியில் ரேடியேட்டரில் குற்றமே இல்லை. குளிர்ந்த எஞ்சினை இயக்கி மூடியைத் திறந்து வைத்தபோது, தண்ணீரில் விடாமல் குமிழ்கள் வந்தன. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருந்தது. எரியும் வாயு தண்ணீருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பயனில்லை. பாகங்கள் வாங்கக் கிளம்பும் முன் இந்தக் குமிழ்ச் சோதனையைச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

மூடி பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். வண்டி சுசுகி ஸ்விஃப்ட் ஆர்எஸ் டர்போ. எங்கள் ஊர் 1,868 மீட்டரில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கண்டியிலிருந்து மருமகளாக வந்தவர்கள், பருப்பு வேக நேரமாகிறது என்று சொல்வது இதனால்தான். ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் பங்கைச் சேர்க்கிறது. 0.9 பார் மூடியுடன், கடற்கரையில் வெறும் தண்ணீர் 119 பாகை அளவில் கொதிக்கும் என்றால், எங்கள் ஊரில் 115 அல்லது 116இலேயே கொதிக்கும். 1.1 பார் மூடி போட்டால் இழந்ததைத் திரும்பப் பெறலாம். ஆனால் பழைய ஹோஸ்களையும் பிளாஸ்டிக் தொட்டியையும் பார்க்காமல் அழுத்தமான மூடி போடாதீர்கள். பலவீனமான இடத்தில் வெடிக்கும்.

காற்று மெலிந்திருப்பதால் அதே அழுத்தத்தைத் தர டர்போவும் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது, உள்ளே போகும் காற்று கூடுதலாகச் சூடாகிறது. கொழும்பில் ஒழுங்குபடுத்திய அளவை அப்படியே இங்கே கொண்டுவருவது சரியல்ல. நான் மேலே வந்தால் அழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்டுகிறேன். அழுத்தத்தில் எளிதில் தானாகப் பற்றாத 95 ஒக்டேன் பெற்றோல் இல்லாத நாளில் டர்போவை வேலை வாங்குவதே இல்லை.

இன்னொன்று. ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கம் அதிகம். வழியில் மாட்டிக்கொண்டால் வேறு வழியில்லை, ஊற்றத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் வடித்து, காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் கலந்து நிரப்புங்கள். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது. ஆகவே கூலன்டைப் பாதிக்கு மேல் சேர்க்காதீர்கள். துருவைத் தடுப்பதும் அலுமினியம் அரிக்காமல் காப்பதும் கூலன்ட். ஆகவே அதை விட்டுவிடவும் கூடாது.

மகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியை ஒவ்வோர் ஏப்ரலிலும் பார்த்து வளர்ந்தவன் நான். 1934இல் தொடங்கிய போட்டி அது. அங்கே ஓடும் வண்டிகளைப் பார்த்துப் பாகம் தேர்ந்தெடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: அவர்கள் மேலே ஏறி முடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆவதில்லை. ஏசியும் குடும்பமும் ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஏறுகிற நமக்கு அது வேறு கணக்கு.

பண்டாரவளையிலிருந்து:

என் அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியவர். வாரத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரைக் கழுவுவார், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான நீரோட்டத்தில். அதிக அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும் என்பார். நான் ஸ்டார்லெட்டில் இன்டர்கூலர் பொருத்திய இரண்டாம் ஆண்டு சூடு மெல்ல மெல்லக் கூடியது. கழற்றிப் பார்த்தால், இன்டர்கூலருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் சருகு, பூச்சி, மண்சரிவுச் சேறு எல்லாம் சேர்ந்து துணிபோல் அப்பியிருந்தது. முன்னால் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. அப்பாவிடம் காட்டினேன். எதுவும் சொல்லாமல் குழாயை எடுத்து வந்து கழுவத் தொடங்கினார்.

பொனட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்து உயர்த்துகிறவர்கள் எங்கள் பக்கம் பலர். நின்றால் சூடு வெளியேறும், அது உண்மை. ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடுதல். அங்கிருந்து காற்று உள்ளேதான் தள்ளப்படும். திறப்பு வைப்பதென்றால் பொனட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள்.

எஞ்சின் ஒயிலைக் குளிர்விக்கும் ஒயில் கூலர் போடுகிறவர்கள், ஒயிலைக் கூலருக்குத் திருப்பும் தகட்டில் தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குங்கள். நான் இல்லாததை வாங்கினேன். ஜனவரிக் காலையில் பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை போகும்வரை ஒயில் 65 பாகையைத் தாண்டவில்லை. அவ்வளவு குளிர்ந்த, தடித்த ஒயிலில் டர்போவை வேலை வாங்குவதும் எஞ்சினுக்குக் கேடுதான்.

மீண்டும் கம்பளையிலிருந்து:

பண்டாரவளை நண்பரே, உங்கள் பதிவைப் படித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போனேன். மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கண்டென்சரின் கீழ்ப்பகுதியில் விரல் தடிமனில் சேறு. பக்கத் தகடுகளை ரிவெட் அடித்து இறுக்கியிருந்தேன், கழுவக் கை நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரிவெட்டுகளை அறுத்துவிட்டு, கழற்றக்கூடிய போல்ட்டுகளாக மாற்றுகிறேன். மஸ்கெலியாத் தம்பி, கை இப்போது எப்படி இருக்கிறது?