திருப்பதி சி.எம்.இ.யில் கேட்டதும், அதற்கப்புறம் என் கிளினிக்கில் பார்த்ததும்

ஆந்திர-தமிழக எல்லையில் நகரி பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு, பலர் இரண்டையும் கலந்து பேசுவார்கள். போன வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் திருப்பதியில் நடந்த ஒரு சி.எம்.இ.க்கு, அதாவது மருத்துவர்களுக்கான தொடர் கல்வி வகுப்புக்குப் போயிருந்தேன்.

மருத்துவர்கள் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரமாவது இந்த மாதிரி வகுப்புகளில் உட்கார வேண்டும் என்று 2002-ஆம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கை முடிப்பதற்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு. கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு அப்படிக் கிளம்பியவர்களுக்கு நல்ல ஒரு மணி நேரம் போய்விட்டது. காலையில் சுகர், பிரஷர் புது மாத்திரைகள் பற்றிய பேச்சு, தெரிந்த விஷயம்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்க்ரப் டைபஸ், பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்களே, அது.

பேச வந்தவர் வேலூர் பக்கத்து பிசிஷியன். புள்ளிவிவரத்தை ஓரம் வைத்துவிட்டுப் படங்களாகவே காட்டினார். இந்தக் காய்ச்சலைப் பரப்புகிற, புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்த இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கு வரும். எஸ்கார் என்போம். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும். ஆனால் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரம் இருப்பதால் பொருக்கு உதிர்ந்து வெறும் சின்னப் புண்ணாகத்தான் தெரியும் என்று ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். துணி இறுக்கும் இடத்தில் அந்தக் குஞ்சு நின்றுவிடுமாம். ஆண்களுக்கு அரைஞாண் கயிறு, பெண்களுக்குப் பாவாடை நாடா, மார்புக்குக் கீழ் மடிப்பு. அந்த இடங்களைப் பார்க்காமல் "எஸ்கார் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதக் கூடாது என்றார்.

கேள்வி நேரத்தில் சித்தூர் பக்கத்து மூத்த டாக்டர் ஒருவர் எழுந்தார். "கூட்டம் வெளியே ரோடு வரைக்கும் நிற்கிறது. ஒவ்வொருத்தரையும் துணி விலக்கிப் பார்க்க எனக்கு நேரமும் கிடையாது, தனி அறையும் கிடையாது. எங்க ஊர்ப் பெண்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள்" என்றார். கோபமாகத்தான் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சின்ன ஊரில் ஒற்றை அறையில் வைத்தியம் பார்ப்பவர்களின் நிலைமை அதுதான். பதிலும் நன்றாகவே இருந்தது: எல்லோரையும் பார்க்க வேண்டாம், ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலை மட்டும் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், எஸ்கார் இல்லை என்பதற்காக ஸ்க்ரப் டைபஸ் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று 2015-இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது.

நம் பக்கத்தில் காய்ச்சல் என்றாலே டைபாய்டுக்கான வைடால் ரத்த டெஸ்ட், அதில் ஏதாவது ஒரு எண் வந்தால் டைபாய்டு, உடனே செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி. ஒரே ஒரு வைடாலை நம்பி டைபாய்டு என்று சொல்லவே முடியாது. அந்த ஊசியும் ஸ்க்ரப் டைபஸைத் தொடாது. பிளேட்லெட் குறைந்தால் டெங்கு என்று இன்னொரு பக்கம் ஓடுவோம். ஸ்க்ரப் டைபஸிலும்தான் பிளேட்லெட் குறையும். இப்படியே இரண்டாவது வாரம் வந்துவிட்டால் நுரையீரல், கிட்னி, மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். விலை மலிவான ஒரு மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டிய நோய் வென்டிலேட்டர் வரை போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

முற்றிப்போன கேஸ்களுக்கு என்ன செய்வது என்பதற்கும் இப்போது நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-இல் வெளிவந்தது, சுமார் 800 நோயாளிகள். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சல் என மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துகளையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஒன்றை மட்டும் கொடுத்தவர்களில் 47, 48. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் பேச வந்தவர் மறைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

டீ நேரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு மூலையில் சேர்ந்துவிட்டோம். குப்பத்திலிருந்து ஒருவர், திருத்தணியிலிருந்து ஒருவர். மழை விட்டு பனி ஆரம்பிக்கும்போது வருகிற இழுபறிக் காய்ச்சல்களைப் பற்றி எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னோம். நோயாளி எல்லைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாள், அந்தப் பக்கம் இரண்டு நாள் என்று பார்த்துவிட்டு வருவதால், காய்ச்சல் ஆரம்பித்த தேதி யாரிடமும் சரியாக இருப்பதில்லை. இப்போது நான் முதலில் தேதியைத்தான் கேட்கிறேன். அப்புறம்தான் மற்றது.

ஊருக்கு வந்ததும் கிளினிக்கில் ஒரு மூலைக்குத் திரை போட்டேன். டார்ச் ஒன்று அங்கேயே தொங்குகிறது. கார்த்திகையில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா வந்தார், ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், கையில் வைடால் ரிப்போர்ட். திரைக்குப் பின்னால் வரச் சொன்னதும், "ஜொரத்துக்கு அங்கல்லாம் என்னாத்துக்குப் பாக்கணும் டாக்டரம்மா?" என்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்கள் சிஸ்டர்தான், "பெத்தம்மா, பூச்சி கடிச்சிருக்கான்னு பாக்கறாங்க, நானும் கூடத்தான் நிக்கறேன்" என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். பாவாடை நாடா முடிச்சுக்கு ஒரு விரல் கீழே, கருப்பாக, சுற்றிலும் லேசான சிவப்போடு இருந்தது. அந்த அம்மாவே அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். நிறைய தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கணும், விழுங்கினதும் படுக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது.

கர்ப்பிணியாக இருந்தால் அசித்ரோமைசின்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் ஸ்க்ரப் டைபஸுக்கு ஒரு முழு மணி நேரம் வேண்டும், படங்களோடு வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பள்ளிப்பட்டு, சத்தியவேடு, பலமநேர் பக்கம் பிராக்டிஸ் செய்கிறவர்கள் இந்த மழையில் என்ன பார்த்தீர்கள், எஸ்கார் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதுங்கள். அதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.