ஸ்பெக்ட்ரோமீட்டர் டிரிஃப்ட்: விளக்கா, டிடெக்டரா?

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துல சின்ன லேப் எங்களுடையது. பாக் நீரிணைத் தண்ணியை வடிகட்டி, 90% அசிட்டோன்ல குளோரோபில்லைப் பிரிச்சு, சிசிடி ஸ்பெக்ட்ரோமீட்டர்ல (ஒளியை அலைநீளவாரியாப் பிரிச்சு சிசிடி சென்சரால அளக்கிற கருவி) 664 (குளோரோபில் ஒளியை உறிஞ்சுற இடம்), 750 (அது உறிஞ்சாத, ஒப்பிடுற இடம்) நானோமீட்டர் ரீடிங் எடுக்கிறோம்.

காலைல பிளாங்க் (குளோரோபில் இல்லாத வெறும் அசிட்டோன்) வச்சு ஜீரோ பண்ணினா, மதியத்துக்குள்ள அதே பிளாங்கோட ரீடிங் நகர்ந்திருக்கு, இதைத்தான் டிரிஃப்ட்னு சொல்றேன். கரண்ட் போய் ஏசி நின்னா கேக்கவே வேணாம்.

டார்க் கரண்ட் (வெளிச்சமே இல்லாதப்பவும் டிடெக்டர்ல வர்ற சிக்னல்) பிரச்சினை இல்லை. ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னாடி ஷட்டரை மூடி டார்க் எடுத்துக் கழிச்சிடுறோம். சிலிக்கானோட உணர்திறன் சூட்டுக்கு அதிகம் மாறுறது 1000 நானோமீட்டர் பக்கம்தான். 664-ல இவ்வளவு ஆட வேண்டியதில்லை. அதனால என் சந்தேகம் ஹாலஜன் விளக்கு மேல. ரெண்டு அலைநீளத்துலயும் ஒரே அளவு நகர்ந்தா 750-ஐக் கழிச்சாலே போயிடும். ஆனா 664-ல கூடுதலா நகருது. விளக்கோட இழை வெப்பநிலை இறங்கினா நிறமாலையே சிவப்புப் பக்கம் சாயும்ல, அதுவா இருக்குமோ? கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல லென்ஸ்ல உப்புப் படியுறது தனிக் கதை, அதைத் துடைச்சிடுறோம்.

இப்ப ரெண்டு வழி யோசிக்கிறேன். விளக்கு ஒளியில கொஞ்சத்தைப் பிரிச்சு ஒரு போட்டோடயோடுக்கு (ஒளி அளவைக் காட்டுற சின்ன சென்சர்) அனுப்பி, அந்த அளவால சிக்னலை வகுக்கிறது ஒண்ணு. ஆனா ஒரே டயோடு நிறச் சாய்வைக் காட்டுமா, நிற வடிகட்டி போட்டு ரெண்டு டயோடு வைக்கணுமா? இன்னொண்ணு, சில சாம்பிளுக்கு ஒருதடவை பிளாங்க் வச்சு இடைப்பட்டதை நேர்கோட்டுல கணக்கிடுறது. கரண்ட் போற நாள்ல மாற்றம் நேர்கோட்டுல போகாதே. நேரத்துக்குப் பதிலா டிடெக்டர் வெப்பநிலையை வச்சுத் திருத்தின அனுபவம் யாருக்காவது இருக்கா?

பெல்டியர் குளிரூட்டி வச்ச டிடெக்டர் வாங்கச் சொல்லாதீங்க, பட்ஜெட் இல்லை.