அரச அலுவலகங்களில் மக்களுக்காகப் பேசும் வேலையை ஒரு பெண் வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடி மகள்

அனைவருக்கும் வணக்கம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின்னர், இரண்டு வருடங்களாக மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்து வருகிறேன். இப்போது நகரிலுள்ள ஒரு பெண்கள் அமைப்பு, அட்வகசி உத்தியோகத்தர் பதவிக்காக என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. கிராமங்களில் கேட்கும் பிரச்சினைகளைக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்), திருகோணமலையிலுள்ள மாகாண அமைச்சுகளுக்கும், தேவைப்பட்டால் கொழும்புக்கும் கொண்டுசென்று, ஒரு சுற்றறிக்கையோ சட்டமோ மாறும்வரை விடாமல் பேசுவதே வேலை என்றார்கள். வெளிநாடுகளில் இதை லொபி என்பார்களாம். அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "தரகு வேலை பார்க்கவா உன்னைப் படிப்பிச்சது?" என்று கேட்கிறார். இந்தத் துறையில் இருபது, இருபத்தைந்து வருடம் நிலைத்த பெண்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்களா? இதில் முன்னேற்றம், சம்பளம், மரியாதை எல்லாம் எப்படி இருக்கும்?

பதில் 1: வாவிக்கரை அக்கா

தங்கச்சி, நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. உங்கள் அப்பா சொல்வதில் கோபப்பட ஒன்றுமில்லை. என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் தரகர் இரண்டு பக்கமும் காசு வாங்குவார். நாங்கள் யாருக்காகப் போகிறோம் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறோம்.

வேலை எப்படிப்பட்டது என்பதை ஒரு விடயத்தை வைத்தே சொல்கிறேன். மட்டக்களப்பில் வீடு மகளுக்கு என்பது இங்குள்ள மரபுச் சட்டமான முக்குவர் வழமைக் காலத்திலிருந்து வருவது. தாய் தன் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் குடிசை போட்டுக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதே தாய் இருப்பது அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், அங்கே பேசியது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் குறிப்பிடாமல் கணவன் இறந்துபோனால், மனைவி தன் ஆயுள்காலம் வரை அங்கே இருக்கலாம். அந்தக் காணியை யாருக்கு விடுவது என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. அவளுக்குப் பிறகு, அந்தச் சட்டத்தில் அப்போதிருந்த மூன்றாம் அட்டவணைப்படி, மகளுக்கு முன்னால் மகன்தான் வந்தான். போரில் கணவனை இழந்து, இருபது வருடம் தனியாகக் கச்சானும் சோளமும் விதைத்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்களிடம் இதை விளங்கப்படுத்தும்போது அவர்களுடைய முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நாங்கள் செய்தது பெரிய ஊர்வலம் ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய், தகரப் பெட்டிக்குள் பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த பத்திரங்களை வாங்கிப் பிரதியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, எல்லாவற்றையும் ஒரு கோவையாகக் கட்டிக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் அந்தக் கோவை காணாமல் போனது. நாங்கள் கொடுக்கவே இல்லை என்றார்கள். எங்கள் பிரதியில் திகதி முத்திரையும் உள்வரவு இலக்கமும் இருந்தபடியால், அதே மேசையில் இரண்டாவது தடவையும் கொடுத்து அனுப்ப முடிந்தது. அன்றிலிருந்து முத்திரை விழாமல் எந்த அலுவலகத்திலும் நான் ஒரு தாளைக் கொடுத்ததில்லை.

நாட்டின் பல பக்கங்களிலும் பெண்கள் பல வருடங்களாக இதையே கேட்டார்கள். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் ஆண்களுக்கு இருந்த அந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. அதில் எங்கள் கோவைக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் உங்கள் பெயர் எங்கும் எழுதப்படாது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் திட்டக் காலத்துக்கான ஒப்பந்தமாகவே தருவார்கள். நேர்முகத்திலேயே ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 சதவீதத்தோடு அவர்களுடைய 12 சதவீதமும் கட்டப்படுமா, மகப்பேற்று விடுமுறை 84 நாட்களும் சம்பளத்தோடு கிடைக்குமா என்று கேளுங்கள். பிறருடைய உரிமைக்காகப் பேசப்போகும் பெண் தன்னுடையதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

பதில் 2: ஓய்வுபெற்ற எழுதுநர், கல்முனை

மகள், நான் மேசைக்கு மறுபக்கத்தில் இருந்தவன். மாகாண அமைச்சொன்றில் விடயப் பொறுப்பு எழுதுநராகப் பல காலம் வேலை செய்தேன். அக்கா சொன்ன திகதி முத்திரையோடு, அந்தக் கடிதம் எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமது நிதியாண்டு தை மாதம் தொடங்குகிறது. மாகாணங்களின் தேவைகளை நிதி ஆணைக்குழு அதற்கு முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கேட்டு வாங்கிவிடும். கார்த்திகையில் வந்து, பாலர் பாடசாலைக்குக் கூரை வேண்டும், ஆசிரியைகளின் கொடுப்பனவை உயர்த்த வேண்டும் என்று கண்ணீரோடு கேட்கும் தாய்மாரை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடைக்கான, அதாவது மாகாண வேலைகளுக்கு மத்திய அரசு தரும் பணத்துக்கான பட்டியல் அதற்குள் மேலே போயிருக்கும். அதே கடிதம் வைகாசியில் வந்திருந்தால், திட்டமிடல் பிரிவில் ஒரு வரியாகவாவது ஏறியிருக்கும்.

இன்னொன்று. 2008 முதல் 2017 வரை எங்களுக்கு ஒரு மாகாண சபை இருந்தது. 37 உறுப்பினர்களில் உங்கள் ஊருக்குத் தெரிந்த ஒருவரையாவது பிடித்துச் சபையில் கேள்வி கேட்கவைக்கலாம். 2017 புரட்டாதியில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பின்னர், அந்த வேலையெல்லாம் ஆளுநரிடமும் செயலாளர்களிடமும் போய்விட்டது. உத்தியோகத்தரிடம் வாக்கைக் காட்டிப் பேச முடியாது. சுற்றறிக்கை இலக்கத்தையும், அதில் எந்தப் பந்தி இடம் கொடுக்கிறது என்பதையும் காட்டித்தான் பேச வேண்டும். ஆகவே சுற்றறிக்கைகளை வாசிக்கப் பழகுங்கள், சிங்களமும் படியுங்கள். கொழும்பிலிருந்து வரும் பல கடிதங்களின் தமிழ்ப் பிரதி தாமதமாகத்தான் கைக்கு வரும். தகவல் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். ஆனாலும் முதல் நாளே அந்தப் படிவத்தை நீட்டாமல், முதலில் ஆளோடு பேசிப் பாருங்கள்.

பதில் 3: கல்லடியில் பிறந்தவள், சாக்ரமென்டோ

கலிபோர்னியா மாநிலத் தலைநகரில் லொபி அலுவலகமொன்றில் சட்டமூலங்களைப் பின்தொடரும் வேலை செய்கிறேன். இங்கே இந்த வேலைக்கு 1974ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டமே இருக்கிறது. பெயரைப் பதிய வேண்டும். யாருக்காகப் பேசினோம், எவ்வளவு செலவு செய்தோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். ஓர் அதிகாரிக்கு மாதமொன்றுக்குப் பத்து டொலருக்கு மேல் எதுவும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. சட்டமூலம் நிறைவேறினால்தான் கூலி என்று பேசி வாங்குவதும் குற்றம். அப்பாவிடம் இந்தக் கடைசி விதியைச் சொல்லிப் பாருங்கள். தரகையும் இந்தத் தொழிலையும் பிரிப்பது அதுதான்.

ஊரில் அப்படியொரு பதிவேடு இல்லை. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது, அது இலஞ்சத்துக்கானது. ஆகவே உங்களுக்கென்று ஒரு கொப்பியை வைத்து, எந்த நாள், யாரைச் சந்தித்தீர்கள், என்ன கேட்டீர்கள், என்ன பதில் என்று எழுதுங்கள். அதிகாரியின் வீட்டு வைபவத்துக்குப் போனால் அதையும் எழுதுங்கள். ஒரு பெண்ணைப் பற்றிக் கதை கட்டுவது எங்கள் ஊர்களில் மிகச் சுலபம் என்பது உங்களுக்கே தெரியும்.

பதில் 4: நிந்தவூர் ஆசிரியை

தங்கச்சி, எங்கள் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு மகளுக்குத்தான். என் உம்மாவும் எனக்கு வீட்டைத் தந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆகவே அக்கா எழுதிய காணி விடயம் எங்களுக்கும் உரியது. பயணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு, வெருகல், மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போய் அன்றைக்கே திரும்பலாம். ஆனால் செயலாளர் கூட்டத்தில் இருக்கிறார், மூன்று மணிக்கு வாருங்கள் என்று சொன்னால் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது கஷ்டம். என் தங்கை இந்த வேலையை மூன்றாம் வருடம் விட்டதற்குக் காரணம் அதுதான். குழந்தை பால் குடிக்கும் வயதில் இருந்தது. தங்குமிடச் செலவு யாருடையது என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பேராக அனுப்புவார்களா என்றும் கேளுங்கள்.

மீண்டும் களுவாஞ்சிகுடி மகள்

எல்லோருக்கும் நன்றி. சேமலாப நிதி, விடுமுறை, தங்குமிடம் மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். நேர்முகம் அடுத்த வியாழக்கிழமை.

வாவிக்கரை அக்காவின் பதிலை நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், மேட்டுக்காணியின் அனுமதிப்பத்திரத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தார். பின்னுரித்தாளர் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. வேலையைப் பற்றி இன்னும் அவர் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போவதாகச் சொல்கிறார். அக்கா, அம்மாவின் பெயரைப் பதிவதற்கு எந்தக் கிளையில் கேட்க வேண்டும்?

பதில்: வாவிக்கரை அக்கா

காணிக் கிளையில் கேளுங்கள். மூலப் பத்திரம், இருவருடைய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பெயர் பதிவேட்டில் ஏறியதை அம்மாவே கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். கொடுக்கும் கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை குத்தி வாங்கச் சொல்லுங்கள்.