சன்ரூஃப் ஷேடை எவ்வளவு திறந்தால் வெயில் இறங்காமல் காற்று மட்டும் போகும்?

நாலுசக்கரம்:
கண்ணாடி பின்னால் நகர்ந்து கூரைக்குள் ஒளிந்துகொள்ளும் வகை சன்ரூஃப். உள்ளே கையால் தள்ளும் கெட்டியான ஷேடு. ஷேடை மூடினால் தலை சுடுவதில்லை, ஆனால் புழுக்கம். திறந்தால் உச்சி வெயில் நேரே மண்டையில். கண்ணாடியை டில்ட் செய்துவிட்டு (ஒரு விளிம்பை மட்டும் தூக்கிவிட்டு) ஷேடை முழுக்க மூடி வைத்தால் சூடான காற்று வெளியேறுமா? இல்லை பாதியாவது திறக்க வேண்டுமா? தனியாக விற்கும் வலை ஷேடு இதற்கு உதவுமா? ஓடும்போது, நிறுத்தியிருக்கும்போது என்று பிரித்துச் சொன்னால் நல்லது.

ஸ்பேனர்12:
முழுக்க மூடினால் டில்ட் செய்ததே வீண். சில ஷேடுகளில் காற்றுக்கென்று வரிவரியாகத் துளை விட்டிருப்பார்கள். அது இருந்தால் கொஞ்சம் போகும். இல்லையென்றால் ஓரச் சந்துகளில் கசிவதோடு சரி.

பாதி திறக்கவும் தேவையில்லை. டில்ட்டில் கண்ணாடியின் பின் விளிம்புதான் மேலே எழும், முன் விளிம்பு அப்படியே இருக்கும். ஷேடையோ பின்பக்கமாகத் தள்ளித் திறக்கிறோம், ஆக ஷேடில் இடைவெளி விழுவது முன்னால். ஒன்று முன்னே, ஒன்று பின்னே, பொருந்தவில்லையே என்று நினைத்துப் பலர் ஷேடை முழுக்கத் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் இந்த ஏறுமாறுதான் நமக்கு லாபம். உள்காற்று முன் இடைவெளியில் ஏறி, கண்ணாடிக்கும் ஷேடுக்கும் நடுவே பின்னோக்கி ஓடி, எழுந்து நிற்கும் விளிம்பு வழியாக வெளியே போகும். வெயிலில் காய்ந்து ஷேடின் மேல்பக்கம் தேங்கும் சூட்டையும் போகிற போக்கில் வாரிக்கொண்டு போய்விடும்.

அளவு: டில்ட் வாயின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஷேடு இடைவெளி அதைவிட ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தால் போதும். 3 செ.மீ. எழுந்தால் ஷேடை 5 செ.மீ. திறங்கள். அதற்கு மேல் திறந்து பெரிதாகப் பயனில்லை. காற்றுக்கு இடுக்கான இடம் டில்ட் வாய்தான். ஷேடை இன்னும் திறந்தால் வெயில் கூடும், காற்று கூடாது.

இன்னொன்று, வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும். ஏசி ரீசர்குலேஷனில் (உள்காற்றையே சுற்றவிடும் நிலையில்) இருந்து, ஜன்னல்களும் மூடியிருந்தால் டில்ட் செய்து பயனே இல்லை. வெளிக்காற்றை இழுக்கும் ஃப்ரெஷ் ஏருக்கு மாற்றி புளோயரை 1 அல்லது 2-ல் வையுங்கள். அல்லது ஒரு ஜன்னலை 2 செ.மீ. இறக்குங்கள். வண்டி ஓடும்போது கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் மற்றது தானாக நடக்கும்.

நிழற்குடை:
மேலே சொன்னது சரி. வெயில் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

தெளிந்த வானத்தில் உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் மேல் சுமார் 1000 வாட் வெயில் விழும். 80 × 45 செ.மீ. கண்ணாடி என்றால் 0.36 சதுர மீட்டர், அதாவது 360 வாட். கண்ணாடி நிறம் ஏற்றியது, அதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வருகிறது என்று வைத்தால் 120 வாட். நடுத்தரமான ஏசிக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் அத்தனையும் தலையிலும் தோளிலும் இறங்குவதால் உறைக்கிறது. பனோரமிக் கூரையில் (கூரையின் பெரும்பகுதி கண்ணாடியாக இருக்கும் வகை) திறப்பு 1 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் வரும், அங்கே கணக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஷேடை மூடினால் இந்த 120 பூஜ்யமாகிவிடாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதானே ஷேடு மறிக்கிறது? ஷேடு அதை வாங்கிச் சூடாகி, மெதுவாகக் கீழே விடும். ஷேடின் மேல்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும்; கறுப்பாக இருந்தால் அதிகம் உறிஞ்சும். ஆகவே 5 செ.மீ. இடைவெளியும் டில்ட்டும் சேர்ந்த நிலையில், ஓடும் வண்டியில், முழுக்க மூடிய ஷேடை விடத் தலைக்கு மேலே சூடு குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இருட்டாக இருப்பதும் குளிர்ச்சியாக இருப்பதும் ஒன்றல்ல. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அடர் நிற ஃபிலிம் ஒட்டி வெளிச்சம் பாதியானால் சூடும் பாதியானது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மெஷ்கடை:
வலை ஷேடு பற்றி. காந்தத்தில் ஒட்டும் வகை இரும்புச் சட்டத்தில்தான் பிடிக்கும். அலுமினியம், பிளாஸ்டிக் சட்டத்தில் நிற்காது. வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். உறிஞ்சு கப் வகை கண்ணாடி சூடானதும் விழும், அதில் காசைப் போடவே வேண்டாம். கம்பிச் சட்டமும் கிளிப்பும் உள்ளது நகராத கண்ணாடிக் கூரைக்கு மட்டும்.

அளவு எடுக்கும்போது உள் திறப்பின் நீளம், அகலம் இரண்டையும் இரண்டு இடங்களில் அளக்கவும். மூலைகள் வளைவாக இருப்பதால் ஒரே அளவு ஏமாற்றும். சுற்றிலும் 10 மி.மீ. கூடுதல் வேண்டும். வலை கண்ணாடியிலோ ரெயிலிலோ உரசக் கூடாது. ரெயிலில் சிக்கினால் கண்ணாடி மூடும்போது தடை என்று நினைத்துப் பாதியிலேயே திரும்பிப் போகும். கிளிப்பைப் பக்கவாட்டு விளிம்பில் திணிக்காதீர்கள், திரை ஏர்பேக் அங்கேதான் மடித்து வைத்திருக்கும். முன்னும் பின்னும் மாட்டினால் போதும்.

நிறம் என்று வந்தால் ஓட்டும்போது கறுப்பு வலை. வெள்ளை வலை வெயில் பட்டதும் தானே பளீரென்று ஒளிரும், கண் கூசும். நிறுத்தி வைத்திருக்கும்போது வெள்ளி முகம் மேலே பார்த்த வகை நல்லது.

கண்ணாடியை முழுக்கத் திறந்து ஓட்டும்போது காந்த வலையைக் கழற்றி வைத்துவிடவும். மேலே இழுக்கும் அழுத்தத்தில் பறந்துவிடும்.

நாலுசக்கரம்:
5 செ.மீ. வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது. ஆனால் வேகம் கூடினால் ஷேடு கடகடவென்று ஆடுகிறது, சில சமயம் தானாகப் பின்னால் நகர்கிறது. நிறுத்தும்போது டில்ட்டிலேயே விடலாமா?

ஸ்பேனர்12:
ஷேடின் ஓரத்தில் சின்னச் சின்னச் சறுக்குத் துண்டுகள் இருக்கும், பக்கத்துக்கு இரண்டு. அவை தேய்ந்தாலோ அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ இப்படித்தான் ஆடும். முதலில் ரெயிலை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஆடுகிறதா பாருங்கள். மணல் படிந்தாலும் துண்டு சரியாக உட்காராது. பிறகும் ஆடினால் துண்டை மாற்றுங்கள். நிறையப் பேர் துருவெடுக்கும் ஸ்பிரேயை ரெயிலில் அடித்துவிடுகிறார்கள். இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு, தூசியைப் பிடித்துச் சேறாக்கும். கண்ணாடியின் ரெயிலுக்கு சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். ஷேடின் ரெயிலில் எதுவும் வேண்டாம், ஏற்கனவே தானாக நகர்கிறது என்கிறீர்கள்.

நிறுத்தும்போது: மழை வராது, வண்டி கண் பார்வையில் இருக்கிறது என்றால் டில்ட் + 5 செ.மீ. விடலாம். ஜன்னல் ஒன்றையும் ஒரு நூலளவு இறக்கினால்தான் காற்று சுற்றும். நேராக விழும் சாரலை டில்ட் தாங்கும், காற்றோடு அடிக்கும் மழையைத் தாங்காது.

நிழற்குடை:
நிறுத்தும் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. காற்றே அடிக்காத இடத்தில் டில்ட்டால் கிடைப்பது கொஞ்சம்தான். ஷேடை மூடி, முன்கண்ணாடிக்கு வெள்ளித் திரை போடுங்கள்; வெயிலில் பெரும்பங்கு உள்ளே வருவது அந்த வழியாகத்தான். திரும்பி வந்ததும் எல்லா ஜன்னலையும் இறக்கி, டில்ட் செய்து, ஏசியை ஃப்ரெஷ் ஏரில் ஓடவிட்டு ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். சூடு இறங்கியதும் டில்ட், ஷேடு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி ரீசர்குலேஷனுக்கு மாற்றுங்கள். ஏசி ஓடும்போது டில்ட்டை விட்டு வைத்தால் குளிர்ந்த காற்றைத்தான் வெளியே தள்ளுவீர்கள்.

மெஷ்கடை:
பனோரமிக்கில் துணிச் சுருள் திரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இந்த 5 செ.மீ. உத்தி டில்ட்டுக்கு மட்டும். கண்ணாடியைச் சறுக்கித் திறந்துவிட்டுத் திரையைப் பாதியில் நிறுத்தி ஓட்டினால் துணி படபடத்து ஓரம் ரெயிலை விட்டு வெளியே வந்துவிடும். அதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்தினால் மோட்டார் துணியைக் கோணலாகச் சுருட்டும், மடிப்பு பிறகு போகாது. ஓரம் வெளியே வந்தது தெரிந்தால் பொத்தானைத் தொடாமல், விரலால் முன்னிருந்து பின்னாகத் துணியை ரெயிலுக்குள் நுழைத்துவிட்டு, மூடும் பொத்தானைத் திரை முழுக்க ஒரு சுற்று போய் வரும்வரை விடாமல் பிடியுங்கள். பல வண்டிகளில் நிலை மறுபடி பதிவாகிவிடும். உங்கள் மாடலுக்கான சரியான முறை கையேட்டில் இருக்கும்.