ஒரு பக்கத் தோள் பெல்ட் இறுகுகிறது, மறுபக்கம் தொளதொளவென்று இருக்கிறது: கார் சீட் உதவி

நிலாக்குட்டி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு இரண்டரை வயது. இதுவரை பின்னோக்கி மட்டும் வைக்கிற சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அதன் வரம்பு 13 கிலோ, அதைத் தாண்டிவிட்டாள். இப்போது என் அக்கா தன் பையன் பயன்படுத்திய சீட்டைக் கொடுத்திருக்கிறார். முன்னோக்கி வைக்கிற வகை, 9 முதல் 18 கிலோ வரை என்று லேபிளில் இருக்கிறது. எந்த விபத்திலும் மாட்டாத சீட், கையேடும் பத்திரமாக இருக்கிறது. துணியைத் துவைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டித்தான் கொடுத்தார்.

சிக்கல் தோள் பெல்ட்டில். காலடியில் தொங்கும் பட்டையை இழுத்தால் வலது பக்கம் கிண்ணென்று இறுகிவிடுகிறது, இடது பக்கம் மட்டும் இறுகவே மாட்டேன் என்கிறது. நான் வண்டியை எடுத்துத் தெரு முனைக்குப் போவதற்குள் இடது கையை வெளியே எடுத்துவிடுகிறாள். இன்னும் இழுத்தால் வலது தோளில் அழுந்துகிறது, அழுகிறாள். "இவ்வளவு இறுக்கினா பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?" என்று மாமியார் கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

பழைய சீட்டில் பெல்ட் தோளுக்குச் சற்றுக் கீழிருந்து வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இதிலும் கீழ்த் துளையில்தான் கோத்திருக்கிறது. இரண்டு சீட்டுக்கும் ஒரே விதிதானா? எவ்வளவு இறுக்கினால் சரி? ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டையர் அப்பா

இறுக்கம் பார்க்க எளிய வழி: பெல்ட்டைப் பூட்டி இழுத்த பிறகு, காறை எலும்பு இருக்கும் இடத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பெல்ட்டைக் கிள்ளிப் பாருங்கள். மேலிருந்து கீழாக மடிப்பு எடுக்க முடிந்தால் இன்னும் தொய்வு இருக்கிறது என்று பொருள். விரல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி.

அப்புறம் இரண்டு தோள் பெல்ட்டையும் மார்பில் சேர்த்துப் பிடிக்கும் மார்புக் கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். வயிற்றுக்கு இறங்கியிருந்தால் பெல்ட் இரண்டு பக்கமும் அகன்று, கை எளிதாக வெளியே வரும். எங்கள் வீட்டில் சின்னவன் அப்படித்தான் கையை உருவினான், கிளிப்பை மேலே ஏற்றியதும் நின்றுவிட்டது.

நிலாக்குட்டி அம்மா

நன்றி அண்ணா. ஆனால் இந்த சீட்டில் மார்பில் கிளிப்பே இல்லை. இரண்டு தோளிலும் தடித்த ரப்பர் மாதிரி பேட் இருக்கிறது, கீழே சிவப்புப் பொத்தான் வைத்த பக்கிள், அவ்வளவுதான். கிளிப்பைத் தனியாக வாங்கி மாட்டலாமா?

வேணி

தயவுசெய்து தனியாக வாங்கி மாட்டாதீர்கள். நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பெற்றோர்கள் கார் சீட்டைக் கொண்டுவந்து சரிபார்த்துப் போவார்கள், அதனால் இதை நாள்தோறும் பார்க்கிறேன். அமெரிக்கச் சந்தைக்குச் செய்யும் சீட்களில் மார்புக் கிளிப் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி செய்தவற்றில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் சீட் கிளிப் இல்லாமலே சோதிக்கப்பட்டது. வெளியே விற்கும் கிளிப், கூடுதல் பேட், பக்கிளைக் குழந்தை திறக்காதபடி மூடும் உறை, இவை எதுவும் உங்கள் சீட்டோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டவை அல்ல. அவசரத்தில் குழந்தையை வெளியே எடுக்கவும் இடைஞ்சல்.

அதே சமயம், சீட்டோடு வந்த அந்த ரப்பர் பேட்களைக் கழற்றிவிடவும் கூடாது. பார்க்க மெத்தை மாதிரி இருந்தாலும், பல மாடல்களில் மோதலின்போது குழந்தையின் மார்பு முன்னே பாயாமல் உராய்வு கொடுப்பதே அவற்றின் வேலை.

இப்போது உயரம். உங்கள் பழைய சீட்டில் சொன்னது சரிதான், ஆனால் அது பின்னோக்கிய சீட்டுக்கு. பின்னோக்கி உட்காரும் குழந்தை, வண்டி முன்னால் மோதும்போது முதுகுப் பலகையில் அழுந்தி மேல்நோக்கி வழுக்கும். பெல்ட் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வந்தால்தான் மேலே ஏறாமல் பிடித்து வைக்கும். முன்னோக்கி உட்காரும் குழந்தை முன்னால் பாயும். அங்கே பெல்ட் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். கீழிருந்து வந்தால் பெல்ட் முதலில் தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், முதுகெலும்பு அந்த அழுத்தத்தை வாங்கும், உடம்பும் தலையும் கூடுதல் தூரம் முன்னே போகும். ஆக, உங்கள் மகளுக்கு இப்போது துளை மாற்றியே ஆக வேண்டும்.

எந்தத் துளை என்பதைக் குழந்தையை உட்கார வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழந்தை நாலு விரற்கடை முன்னால் சரிந்து உட்கார்ந்தால் தோளும் இறங்கிவிடும், கணக்கே தப்பிப்போகும். சில மாடல்களில் குறிப்பிட்ட துளைகளை மட்டுமே பயன்படுத்தலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் இறுகுவதற்கான காரணம் அநேகமாக சீட்டின் முதுகில் இருக்கிறது. சீட்டைக் காரிலிருந்து கழற்றித் திருப்பிப் போடுங்கள். தோளிலிருந்து வரும் இரண்டு பெல்ட்டும் பின்னால் இறங்கி ஒரு உலோகத் தகட்டில் மாட்டியிருக்கும். அந்தத் தகட்டின் அடியிலிருந்து போகும் ஒற்றைப் பட்டைதான் காலடியில் வெளியே வந்து தொங்குகிறது. நீங்கள் இழுக்கும்போது தகடு கீழே இறங்கும், அதோடு இரண்டு தோள் பெல்ட்டும் சமமாக இழுபட வேண்டும். மூன்று விஷயம் பாருங்கள். தகடு சாய்ந்து நிற்கிறதா? பெல்ட்டின் நுனியில் தைத்த கண்ணி இருக்கும், சில சீட்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கண்ணி. ஒரு பக்கம் முதல் கண்ணியும் மறுபக்கம் இரண்டாவது கண்ணியும் மாட்டியிருந்தால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். மூன்றாவது, துளைக்குள் நுழையும் இடத்தில் பெல்ட் முறுக்கிக் கிடக்கிறதா?

எதையும் கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.

இறுக்கத்தைப் பற்றி மாமியார் கேட்டதற்கு: பெல்ட் படிய வேண்டிய இடங்கள் தோளும் இடுப்பெலும்பும். வயிற்றின் குறுக்கே போகக் கூடாது. எலும்பின் மேல் படிந்திருக்கும்போது வயிறும் நெஞ்சும் தாராளமாக ஏறி இறங்கும், மூச்சுக்குத் தடையில்லை. தோலில் பதிந்து தடம் விழும் அளவு இறுக்கவும் வேண்டாம். தொய்வு ஏன் ஆபத்து என்பதை அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதினால், கண் சிமிட்டும் நேரத்தில் நின்றுவிடும். இறுக்கமான பெல்ட்டில் இருக்கும் குழந்தையின் வேகம் காரோடு சேர்ந்தே குறையத் தொடங்கும். தொய்வில் இருக்கும் குழந்தை அதே 50-ல் முன்னே பாய்ந்து, பிறகு பெல்ட்டில் போய் மோதும்.

நிலாக்குட்டி அம்மா

வேணி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே திருப்பிப் போட்டுப் பார்த்தோம். தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வலது பெல்ட் உள் கண்ணியிலும் இடது பெல்ட் நுனிக் கண்ணியிலும் மாட்டியிருக்கிறது. இடது பெல்ட் துளைக்குள் ஒரு முறுக்கும் இருக்கிறது, முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை, பேட் மறைத்துவிடுகிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் கேட்டேன். துணியை மட்டும்தான் மெஷினில் போட்டாராம், பெல்ட்டை ஈரத்துணியால் துடைத்தாராம். சின்னப் பிள்ளைக்குப் போகிறதே என்று அடித் துளையில் கோத்தாராம்.

இப்போது எப்படி மாற்றுவது? எந்தக் கண்ணியில் மாட்டுவது?

வேணி

பெல்ட்டை மெஷினில் போடாதது பெரிய நிம்மதி. சோப்புத்தூள், ப்ளீச் எல்லாம் அந்த நெசவின் பலத்தைக் குறைக்கக்கூடும். பெரும்பாலான கையேடுகள் ஈரத்துணி, மென்மையான சோப்பு, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும். துவைத்தே இருந்தால் தயாரிப்பாளரிடம் புதுப் பெல்ட் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

மாற்றும் முறை இது. முதலில் காலடிப் பட்டை வெளியே வரும் இடத்தில் உள்ள தளர்த்தும் பொத்தானை (பக்கிளின் சிவப்புப் பொத்தான் அல்ல) அமுக்கிக்கொண்டு, பேட்களுக்குக் கீழே இரண்டு பெல்ட்டையும் ஒன்றாகப் பிடித்து முழுதாகத் தளர்த்துங்கள். பேட்டைப் பிடித்து இழுத்தால் வராது. பின்னால் போய் இரண்டு கண்ணியையும் தகட்டிலிருந்து கழற்றுங்கள். பெல்ட்டை முன்பக்கமாக உருவி எடுங்கள். பேட்களின் பின் வாரும் அதே துளை வழியாகப் போய்ப் பின்னால் தனியாக மாட்டியிருக்கும், அதையும் கூடவே மாற்ற வேண்டும். பலர் பெல்ட்டை மேல் துளைக்கு மாற்றிவிட்டுப் பேட்டைக் கீழ்த் துளையிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது பேட் பெல்ட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், தோளில் நிற்காது.

புதுத் துளையில் நுழைக்கும்போது துணியின் துளையும் பிளாஸ்டிக்கின் துளையும் ஒரே வரிசைதானா என்று விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரம். பெல்ட்டை பக்கிள் முனையிலிருந்து துளை வரை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டால் முறுக்கு இருக்கிறதா என்று கையிலேயே தெரிந்துவிடும். முறுக்கிய பெல்ட் கயிறு மாதிரி ஆகிவிடும், மோதலின் விசை முழுவதும் அந்த ஒல்லியான கோட்டில் இறங்கும்.

கண்ணி விஷயத்தில் உங்கள் கையேடு சொல்வதே முடிவு. பொதுவாக உள் கண்ணி பெல்ட்டைக் குட்டையாக்கும், அது சின்னக் குழந்தைக்கு. வளர்ந்த குழந்தைக்கு நுனிக் கண்ணி. எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒரே கண்ணி. தகட்டின் வெட்டுக்குள் கண்ணி முழுதாக இறங்கியிருக்க வேண்டும், பாதி தொங்கினால் இழுக்கும்போது நழுவிவிடும். மாட்டியதும் முன்னாலிருந்து இரண்டு பெல்ட்டையும் பலமாக இழுத்துப் பாருங்கள், தகடு நேராக நிற்க வேண்டும்.

குழந்தையைக் கட்டும்போது ஒரு வரிசை உண்டு. பக்கிளின் இரண்டு நாக்கையும் சேர்த்துப் பிடித்து 'க்ளிக்' சத்தம் வரும் வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு இடுப்புப் பகுதியின் தொய்வைத் தோள் பெல்ட்டைப் பிடித்து மேலே இழுத்து எடுங்கள். அதன் பிறகுதான் காலடிப் பட்டை. நேராகக் காலடிப் பட்டையை இழுத்தால் தோள் இறுகிவிடும், இடுப்பில் தொய்வு அப்படியே நிற்கும். இரட்டையர் அப்பா சொன்ன கிள்ளும் சோதனை நல்லது. உங்கள் கையேட்டில் ஒரு விரல் நுழையலாம் என்று இருந்தால் அந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமு தாத்தா

பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்பதால் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அம்மா. குளிருக்கு அவனுக்குப் பஞ்சு வைத்த ஜாக்கெட் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதன் மேலேயே இறுக்கிக் கட்டிவிட்டால் போதுமா? பக்கிளும் இப்போது கெட்டியாகிவிட்டது, அமுக்க என் விரலில் பலம் போதவில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் விடலாமா?

வேணி

ஐயா, எண்ணெய் வேண்டாம். உள்ளே பிஸ்கட் தூளும் ஜூஸும் சேர்ந்து பிசுபிசுத்திருக்கும், எண்ணெய் விட்டால் இன்னும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பக்கிளை எப்படிச் சுத்தம் செய்வது என்று கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். பல மாடல்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் பக்கிளை மட்டும் அலசி, பொத்தானைப் பலமுறை அமுக்கி, நன்றாகக் காயவிடச் சொல்வார்கள். அப்படியும் கெட்டியாக இருந்தாலோ 'க்ளிக்' சத்தம் வராவிட்டாலோ பக்கிளை மாற்ற வேண்டும், தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டுங்கள். மோதலில் அந்தப் பஞ்சு நசுங்கிவிடும், அது இருந்த இடம் முழுவதும் தொய்வாகிவிடும். நீங்களே பார்க்கலாம்: ஜாக்கெட்டோடு இறுக்கிக் கட்டுங்கள், பெல்ட்டைத் தளர்த்தாமல் பக்கிளை மட்டும் திறந்து பையனை இறக்கி, ஜாக்கெட் இல்லாமல் அப்படியே திரும்பப் பூட்டுங்கள். எவ்வளவு இடைவெளி என்று தெரியும். குளிருக்கு, பெல்ட் கட்டிய பிறகு மேலே போர்வை போர்த்துங்கள். அதேபோல் கட்டிய பெல்ட்டுக்கு மேலே ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிக் கைகளில் மாட்டிவிட்டாலும் சரிதான்.

நிலாக்குட்டி அம்மா

முடித்துவிட்டோம். கையேட்டில் நுனிக் கண்ணி என்றுதான் இருந்தது, இரண்டையும் அதில் மாட்டினோம். தோளுக்குச் சற்று மேலே உள்ள துளை சரியாக வந்தது. பேட்டின் வாரும் நீங்கள் சொன்னபடியே கீழே தனியாக மாட்டியிருந்தது, அதையும் ஏற்றிவிட்டோம். இப்போது பட்டையை இழுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து இறுகுகிறது. மாமியாரையே கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். மகள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கையை உருவப் பார்த்தாள், வரவில்லை.

சீட்டைத் திரும்பக் காரில் வைக்கும்போது பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

வேணி

மிக நல்லது. காரின் பெல்ட்டால் கட்டுகிற சீட் என்றால், பெல்ட் சிவப்பு அடையாளமுள்ள வழியில் போக வேண்டும், அதுதான் முன்னோக்கி வைப்பதற்கு. நீலம் பின்னோக்கி வைப்பதற்கு, உங்கள் சீட்டில் அது இருக்காது. ஐசோஃபிக்ஸ் (காரிலேயே உள்ள உலோகக் கம்பிகளில் கொக்கியால் மாட்டுகிற வகை) என்றால் இரண்டு பக்கக் கொக்கியும் மாட்டியதற்குப் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள், சீட்டின் மேற்பகுதியைக் காரோடு கட்டும் மேல் வார் இருந்தால் அதையும் மாட்டி இறுக்குங்கள். கட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது.

துளை உயரத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வயதில் தோள் சட்டென்று ஏறிவிடும். தோள் மேல் துளையைத் தாண்டினாலோ எடை 18 கிலோ ஆனாலோ அடுத்த சீட்டுக்கு மாற வேண்டும்.