டிசைன் வேலைக்கு டெஸ்க்டாப் வாங்கினீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காலண்டர் டிசைனர், சிவகாசி

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊரில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பிருந்தே சாமி படம், இயற்கைக் காட்சி, குழந்தை படம் என்று ராத்திரி பகலாக உட்கார்ந்திருப்போம். இந்த வருடம் சரியாக அந்த நேரத்தில் என் சிபியு படுத்துவிட்டது. மதர்போர்டு போய்விட்டது, இனி செலவு செய்து பிரயோஜனமில்லை என்று சர்வீஸ்காரர் சொல்லிவிட்டார். புதிதாக வாங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் இதே வேலை செய்கிறவர்கள் எதை வாங்கினீர்கள், எதில் பணம் வீணானது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

போன தடவை வாங்கும்போது "கிராபிக்ஸ் வேலையா, அப்போ பெரிய கிராபிக்ஸ் கார்டு வேணும்" என்று கடையில் சொன்னார்கள். பெயரிலேயே கிராபிக்ஸ் இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். கையில் இருந்த தொகையில் பாதிக்கு மேல் அந்தக் கார்டுக்கே போனது. மிச்சத்தில் மானிட்டர் என்று ஏதோ ஒன்று வாங்கினேன். டிஎன் பேனல் என்ற மலிவான வகைத் திரை. தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் படம் வெளுக்கும், தாழ்த்தினால் இருளும். அதோடு வெள்ளையே நீலமாகத்தான் தெரியும்.

அந்த மானிட்டரில் 20க்கு 30 அங்குலத்தில் ஒரு மீனாட்சி அம்மன் படம் செய்தேன். திரையில் முகம் நீலம் பாரித்துத் தெரிந்ததால் சிவப்பையும் மஞ்சளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். திரையில் அழகாக வந்தது. பிளேட் போட்டு மெஷினில் ஏற்றியதும் முதல் ஷீட்டிலேயே அம்மன் முகம் செக்கச்செவேல் என்று வந்து நின்றது. மெஷின்மேன் மையைக் குறைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தால் பட்டுப்புடவை செத்துப்போனது. கடைசியில் நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டையும் மறுபடி போட்டோம். பிளேட், வீணான ஆர்ட் பேப்பர், மெஷின் நின்ற நேரம் எல்லாம் கணக்குப் பார்த்தால் ஒரு நல்ல மானிட்டரின் விலையைத் தாண்டிவிட்டது. பார்ட்டிக்குப் பதில் சொன்னது தனி.

அதற்குப் பிறகுதான் மானிட்டரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலாக இருக்க வேண்டும், எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுகோலில் உள்ள நிறங்களை முழுதாக, 100 சதவீதத்துக்கு ஒட்டிக் காட்ட வேண்டும், 8 பிட் இருந்தால் நல்லது என்று புரிந்தது. இன்னொன்று, மானிட்டர் கடையிலிருந்து வரும்போது வெளிச்சம் 250, 300 நிட் என்று கண்ணைப் பறிக்கும். அச்சு வேலைக்கு 100 அல்லது 120 போதும். "ஸ்கிரீனில் பளிச்சுனு இருந்தது, பிரிண்ட் இருட்டா வருது" என்று பார்ட்டி சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெளிச்சத்தைக் குறைத்த நாளிலிருந்து எனக்கு அந்தப் புகார் ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஆக, மானிட்டர் விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை. பெட்டிக்குள் என்ன போடுவது என்பதில்தான் உங்கள் யோசனை வேண்டும். கார்டு தேவையா? ராம் எவ்வளவு? மேக் பக்கம் போகலாமா?

பிளெக்ஸ் பிரிண்டிங், மதுரை

தம்பி, கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஃபைலை அளந்து பாருங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு முழு சித்திரைத் திருவிழா சீசனை வீணாக்கினேன்.

எங்கள் வேலை பேனர். ஆப்செட்டில் பழகிய கையோடு 10க்கு 8 அடியையும் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், திறந்துவிடுவேன். கணக்கைப் பாருங்கள்: 36,000 பிக்சலுக்கு 28,800 பிக்சல். சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிற முறையில் ஒரே ஒரு முழு லேயர் 4 ஜிபிக்கு மேல். அப்போது என்னிடம் இருந்த ராமே 8 ஜிபி. அழகர் படம், குதிரை, கூட்டம், பெயர்கள் என்று லேயர் ஏறினால் அது என்ன செய்யும்? மவுஸை நகர்த்தினால் அரை நிமிடம் கழித்து நகரும். ஒரு ராத்திரி நான்கு மணி நேரம் வேலை செய்து சேவ் கொடுக்கிறேன், வாங்கமாட்டேன் என்கிறது. பிஎஸ்டி ஃபைலுக்கு ஒரு பக்கம் 30,000 பிக்சல், மொத்தம் 2 ஜிபி என்று வரம்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு மேலே போனால் பிஎஸ்பி என்ற வடிவத்தில் சேமிக்க வேண்டும். அந்தக் குழப்பத்தில் சிஸ்டம் நின்று, வேலை மொத்தமும் போனது. விடிந்தால் பேனர் கட்ட வேண்டும். மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

மறுநாள் கடைக்காரர் சொன்னார் என்று கிராபிக்ஸ் கார்டை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. என்னிடம் வேலை பழக வந்த பையன் ஒருவன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். ராம் 97 சதவீதம் நிரம்பியிருந்தது. ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. புதுக் கார்டு 5 சதவீதம்கூட வேலை செய்யவில்லை. அந்தப் பையனுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

ராம் நிரம்பினால் ஃபோட்டோஷாப் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும். அதைத்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி வேகம். சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும். என்விஎம்இ எஸ்எஸ்டி சாதாரணமானதே 3,000க்கு மேல். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 32 ஜிபி ராம் போட்டேன், விண்டோஸுக்கு ஒரு என்விஎம்இ, ஸ்க்ராட்சுக்குத் தனியாகச் சின்னதாக இன்னொன்று. பேனரையும் 72 டிபிஐக்குக் கொண்டுவந்தேன். இருபதடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு அது தாராளம். அதே 10க்கு 8 இப்போது லேயருக்கு 240 எம்பி. அப்புறம் என்னிடம் எதுவும் நிற்கவில்லை.

உங்கள் 20க்கு 30 காலண்டர் 300 டிபிஐயில் லேயருக்கு 216 எம்பி வரும். இருபது லேயர் என்றால் 4 ஜிபி தாண்டும். செய்ததை அன்டூ செய்ய வைத்திருக்கும் ஹிஸ்டரி வேறு இடம் பிடிக்கும். கோரல் மென்பொருளையும் பக்கத்தில் திறந்து வைப்பீர்கள். 16 ஜிபி இழுக்கும், 32 வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது, அது உண்மைதான். முடியாவிட்டால் இப்போதைக்கு 16 போடுங்கள், ஆனால் நான்கு ஸ்லாட் உள்ள போர்டாகப் பார்த்து, 8 8 ஆக இரண்டு போடுங்கள். ஒரே குச்சியாகப் போட்டால் வேகம் குறையும்.

யுபிஎஸ் இல்லாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள்.

திருமணப் பத்திரிகை டிசைனர், ஈரோடு

அண்ணா, நான் வீட்டிலிருந்தே பத்திரிகை டிசைன் செய்கிறேன். முதலீடு பெரிதாக இல்லை. அதனால் ஆபீஸ்களில் கழித்துவிட்டு விற்கும் பழைய பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பத்திரிகை என்பது சின்ன சைஸ், பெரும்பாலும் வெக்டர் (கோட்டோவிய) வேலை, அதற்கு அது தாங்கியது. இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. அந்த வழியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம் பார்த்து வாங்க வேண்டும். என்னுடையது இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கிறது. ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன, மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அடுத்தது, அந்தச் சின்னக் கேபினட்டுகளில் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் தனி அளவில் இருக்கும், வாட்டும் குறைவு. பின்னால் கார்டு போடலாம் என்று நினைத்தால் இடமும் இருக்காது, பவரும் போதாது. நான் கேபினட்டைத் திறந்து பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

நிற விஷயத்தில் எனக்கும் ஒரு சம்பவம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் இளஞ்சிவப்புத் தாமரை கேட்டார்கள். முகூர்த்த சீசன், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்கார முடியும். திரையில் தாமரை மஞ்சளடித்துத் தெரிய, மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டினேன். காலையில் திறந்து பார்த்தால் கத்தரிப்பூ நிறம். விண்டோஸில் நைட் லைட் என்று ஒன்று, பொழுது சாய்ந்ததும் தானே திரையை மஞ்சளாக்கிவிடுகிறது. என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நல்லது என்று போட்டு வைத்திருக்கிறார். நல்லவேளை, ஃபைல் அச்சுக்குப் போகவில்லை. டிசைன் செய்யும் சிஸ்டத்தில் அதை அணைத்தே வைத்திருங்கள்.

லேபிள் வேலை, கோவை

நிறம் பற்றி வந்ததால் இதையும் சொல்கிறேன். எச்டிஎம்ஐயில் இணைத்தால் சில சமயம் கார்டு மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டு நிற வீச்சைச் சுருக்கி அனுப்பும். கருப்பு சாம்பலாகத் தெரியும். நான் மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். கார்டின் செட்டிங்கில் போய் வீச்சை முழுமை என்று மாற்றியதும் சரியானது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தால் அதையே போடுங்கள்.

புத்தக வடிவமைப்பு, சென்னை

மேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மேக் மினி எம்4 வைத்திருக்கிறேன். 2024 நவம்பரில் வந்தது, அடிப்படை மாடலே 16 ஜிபி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 600 பக்கப் புத்தகம் ஓட்டுகிறேன். சத்தமில்லை, சூடில்லை, மின்செலவும் குறைவு. எனக்கு அது பிடித்த இயந்திரம், மனதாரச் சொல்கிறேன். வாங்கிய பிறகு ராம் ஏற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வாங்கும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் சிவகாசி வேலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். உங்களுக்கு வரும் ஃபைல் எல்லாம் கோரலில் இருக்கும். கோரல் மேக்குக்கு 2019இல் மறுபடி வந்துவிட்டது, இருந்தாலும் சிக்கல் தமிழில்தான். பார்ட்டி பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ மேட்டர் அடித்து அனுப்புவார். அதை அதே விசைப்பலகையில் திருத்த நாம் பழகிய தட்டச்சுக் கருவிகள் விண்டோஸுக்கானவை. நான் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றித்தான் வேலையைத் தொடங்குகிறேன், இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்துகொள்ளும். அச்சகங்களோடு பழைய ஃபைல் கொடுக்கல் வாங்கல் இருப்பவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நானே மூலையில் ஒரு விண்டோஸ் பெட்டியை அதற்காகவே வைத்திருக்கிறேன்.

கார்டு விஷயம்: ஃபோட்டோஷாப்பில் பெரிதாக்குவது, திரையைச் சுழற்றுவது, சில ஃபில்டர்கள் இவற்றுக்குக் கார்டு உதவும். கேமரா ரா என்ற கருவியில் ஏஐ டீநாய்ஸ், அதாவது படத்தின் புள்ளி நீக்கம், அடிக்கடி செய்கிறவர், வீடியோ, முப்பரிமாண வேலை செய்கிறவர் கட்டாயம் வாங்க வேண்டும். சாமி படத்தை லேயர் லேயராக அடுக்குகிறவருக்கு அது கடைசித் தேவை.

காலண்டர் டிசைனர், சிவகாசி

எல்லாருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், சொல்லவேண்டியது என் கடமை.

மதுரை அண்ணன் சொன்னபடி முதலில் பழைய ஃபைல்களில் கனமான ஐந்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு கடைகளில் "வாங்குறதுன்னா வாங்குங்க" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் அவரே ஒரு பெட்டியைப் போட்டு ஃபைலைத் திறக்க விட்டார். டாஸ்க் மேனேஜரை ஓரத்தில் வைத்து, இருபத்திரண்டு லேயர் உள்ள கஜலட்சுமி படத்தை அவர் எதிரிலேயே அரைமணி நேரம் வேலை செய்து பார்த்தேன். ராம் 21 ஜிபி வரை போனது. 16 வாங்கியிருந்தால் முதல் வாரமே மூச்சு முட்டியிருக்கும்.

ரைசன் 5 பிராசஸர், படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கும் வகை. பெயர்க் கடைசியில் எஃப் என்று முடியும் பிராசஸர்களில் அது இருக்காது, கார்டு இல்லாமல் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். 16 ஜிபி குச்சிகள் இரண்டு. என்விஎம்இ ஒரு டிபி, ஸ்க்ராட்சுக்கு 500 ஜிபி, பழைய வேலைகளைப் போட்டு வைக்க ஒரு ஹார்டு டிஸ்க். கார்டு இப்போது வாங்கவில்லை. பின்னால் வேண்டுமென்றால் போடலாம் என்று 650 வாட் எஸ்எம்பிஎஸ் மட்டும் போட்டுக்கொண்டேன். ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினேன், பதிவு உள்ளவர்களுக்கு அந்த 18 சதவீதத்தை வரவு எடுக்க வழி இருக்கிறது.

கார்டுக்குப் போகவேண்டிய பணம் மானிட்டருக்குப் போனது. 27 அங்குலம், 2560க்கு 1440, ஐபிஎஸ். இதே 27 அங்குலத்தில் ஃபுல் எச்டியும் விலை குறைவாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நாள்காட்டியின் பொடி எழுத்து அதில் பிசிறடித்தது. தெரிந்த ஸ்டூடியோ அண்ணன் ஒருவரிடம் திரையின் நிறத்தை அளக்கும் கேலிபரேட்டர் கடன் வாங்கி நிறத்தைச் சரிசெய்தேன். போன வருடம் நன்றாக வந்த அச்சு ஷீட் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் மாட்டி, அதே ஃபைலைத் திறந்து ஒப்பிட்டேன். ஜன்னல் வெயில் திரையில் விழாதபடி மேசையையும் திருப்பிப் போட்டாயிற்று.

நேற்று முதல் வேலை மெஷின் ஏறியது. அதே மீனாட்சி அம்மன், புதிதாகச் செய்தது. போன தடவை இருந்த அதே மெஷின்மேன் அண்ணாச்சிதான். பத்தாவது ஷீட்டை உருவி விளக்குக்குக் கீழே வைத்து லென்ஸை எடுத்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று ரெஜிஸ்டர் பார்த்தார், அப்புறம் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கலர் கையெழுத்துப் போடுங்க தம்பி, ஓட்டிரலாம்" என்றார்.